ஒன்பதாம் புத்தகம்

நமசிவாயத்தார் வீட்டில் எது காணாமற்போனாலும் அது ஒன்பதாம் புத்தகத்தில் இருக்கும். சாவிக்கொத்தைக் காணவில்லையென்றால் ஒன்பதாம் புத்தகத்தில் பார். மகள் துஷாந்தினிக்குக் கலியாணம் சரிவராமல் இழுபட்ட காலத்தில், மாப்பிள்ளை ஒன்பதாம் புத்தகத்தில் இருக்கிறார் என்று அம்மா பூரணம் அயலுக்கெல்லாம் சொல்லித் திரிந்தாள். குதிரை எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும், இமயமலை எத்தனை அடி உயரம் என்று யாராவது கேட்டால் மட்டும் அது பகிடி இல்லை. அந்த விஷயங்கள் உண்மையாகவே ஒன்பதாம் புத்தகத்தில்தான் இருந்தன. ஒன்பதாம் புத்தகம்தான் வீட்டில் இருக்கவில்லை.

மற்றப் பத்தொன்பதும் இருந்தன. இப்போதும் இருக்கின்றன. காங்கேசன்துறையில், இருபத்தெட்டு வருஷம் கழித்துத் திருப்பிக் கிடைத்த காணியில் கட்டிய சின்ன வீட்டின் முன்னறையில், கண்ணாடி அலுமாரிக்குள் வரிசையாக நிற்கின்றன. இருபது பாகங்கள் கொண்ட ஆங்கிலக் கலைக்களஞ்சியம். கடுஞ்சிவப்பு மட்டை, முதுகில் பொன்னிறத்தில் இலக்கம். எட்டுக்கும் பத்துக்கும் நடுவில், அதே உயரத்துக்கும் அதே தடிப்புக்கும் சீவிய ஒரு வேப்பம்பலகை. அதற்கும் சிவப்புப் பெயின்ற் அடித்து, முதுகில் ஒன்பது என்று இலக்கம் போட்டு வைத்தவர் அப்பா. புத்தகங்கள் சரிந்து விழாமல் இருக்கவாம். அதற்கு இரண்டு செங்கல் போதும் என்று அம்மா சொன்னாள். அப்பா கேட்கவில்லை. வருஷா வருஷம் சரஸ்வதி பூசைக்கு மற்றப் புத்தகங்களோடு பலகைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். பலகையைக் கும்பிட்டுப் படித்த பிள்ளை ஊரில் துஷாந்தினி ஒருத்திதான்.

அவளுக்கு இப்போது நாற்பத்தொரு வயது. பிரதேச செயலகத்தில் வேலை. அலுவலகத்தில் ஒரு கோப்புக் குறைந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது, பக்கத்து மேசைக்காரருக்கும் இறங்க விடமாட்டாள். அப்படிப்பட்டவளின் சொந்த வீட்டில் முப்பத்திநாலு வருஷமாக ஒன்று குறைகிறது. அதுவும் தொலைந்த திகதி தெரியும், தொலைத்தவர் பெயரும் தெரியும். அது அவளுடைய ஒரே அண்ணை, நோர்வேயில் இருக்கிற பார்த்தீபன்.

"என்னத்துக்கு உந்தப் புத்தகங்களைக் கட்டி அழுறாய்? போனிலை தட்டினா எல்லாம் வரும்," என்று புருஷன் கஜானன் இடைக்கிடை சொல்லுவான். வரும்தான். தட்டியவுடன் ஓடி வருகிற ஒன்றுக்காக யாராவது ஏங்குவார்களா? அவள் ஏங்கியது அந்த ஒரு புத்தகத்துக்கு, அதிலும் அந்த ஒரு பக்கத்துக்கு.

அந்தப் பக்கத்தில் ஒரு மனிதன் நின்றான். மனித உடம்பு என்ற தலைப்பு. கண்ணாடித் தாள் போன்ற ஐந்தாறு தாள்களில் அவனை அடுக்கடுக்காக அச்சடித்திருந்தார்கள். முதல் தாளைப் புரட்டினால் தோல் போகும், அடுத்ததைப் புரட்டினால் தசை போகும், பிறகு குடல், இரத்தக்குழாய், கடைசியில் வெறும் எலும்பு. மறுபடி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தால் ஆள் உயிர்த்தெழுந்து நிற்பான். எலும்பிலிருந்து ஆளைக் கட்டியெழுப்புவதற்குத்தான் அவளும் அண்ணையும் சண்டை பிடிப்பார்கள். அப்பா இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணித்தியாலம் அலுமாரியைத் திறப்பார். கை கழுவி, துடைத்து, ஈரமில்லை என்று காட்டினால்தான் புத்தகம் கைக்கு வரும். அப்பா ஆங்கிலத்தில் ஒரு வரி வாசித்து, அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்து, சொல் கிடைக்காமல் முகட்டைப் பார்ப்பார். அந்த நேரத்தில் முகட்டில் பல்லி போனால் பிள்ளைகள் பல்லியைப் பார்ப்பார்கள். ஒருநாள் அப்படி அவர் முகட்டைப் பார்த்திருந்த நேரத்தில், ஆறு வயசுத் துஷாந்தினி தன் நெற்றிச் சாந்தைத் தொட்டு அந்த மனிதனின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். அடி விழும் என்று இருந்தவளுக்கு அடி விழவில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "இப்பதான் உவன் எங்கடை ஆள்," என்றார்.

அந்தப் பொட்டைத்தான் அவள் பார்க்க விரும்பினாள். அப்பா சிரித்ததற்கு இந்த உலகத்தில் மிஞ்சியிருக்கிற சாட்சி அது ஒன்றுதான் என்று அவள் நம்பினாள்.

புத்தகங்கள் வந்தது அவள் பிறப்பதற்கு முந்தின வருஷம். அப்பா சீமெந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தார். கொழும்பிலிருந்து யாழ்தேவியில் ஒரு மரப்பெட்டி வந்து காங்கேசன்துறை ஸ்ரேசனில் இறங்கியது. அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் அதைத் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குளிர்சாதனப் பெட்டி என்று நினைத்து அம்மா அடுக்களையில் இடம் ஒதுக்கி வைத்திருந்தாளாம். திறந்தால் புத்தகம். அந்த ஏமாற்றத்தை அவள் சாகும்வரை மறக்கவில்லை.

பிறகு தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் வந்தது. ஷெல் விழத் தொடங்கிய மூன்றாம் நாள் ஊரே எழும்பியது. ஒரு கிழமையில் திரும்பி வந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நீர்வேலியில் அம்மாவின் தமையன் வீட்டுக்குப் போவதென்று முடிவு. ஒன்பது மைல் கட்டைத் தூரம். அம்மா அரிசிப் பானையையும் இடியப்ப உரலையும் வெளியில் எடுத்து வைக்க, அப்பா உரப்பைகளில் புத்தகங்களை அடுக்கினார். சைக்கிளின் இரண்டு பக்கமும் எட்டு எட்டாகத் தொங்கின. மேலே அரை மூட்டை அரிசி. இரண்டு புத்தகம் அம்மாவின் கையில், இடியப்ப உரல் கிணற்றடியில். மிச்சம் இரண்டு. தாங்கள் விரும்பினதைப் பிள்ளைகளே கொண்டுவரட்டும் என்று அப்பா சொன்னார். பதினாலு வயசுப் பார்த்தீபன் ஒன்பதாவதை எடுத்தான். ஏழு வயசுத் துஷாந்தினிக்கு இருபதாவது கிடைத்தது. அது வெறும் சொல்லடைவு, ஒரு படமும் இல்லை, ஆனால் எல்லாவற்றிலும் மெல்லியது.

வழியில் சனத்துக்குள் அப்பாவும் அம்மாவும் முன்னால் அகப்பட்டுப் போனார்கள். பாரம் ஏற்றிய சைக்கிளை நிறுத்த முடியாது, நிறுத்தினால் பின்னால் வருகிறவன் ஏறிவிடுவான். பிள்ளைகள் பின்தங்கினார்கள். அந்த நாளைப் பற்றித் துஷாந்தினிக்கு நினைவிருப்பது தலைகள்தான். றோட்டு முழுக்கத் தலைகள். மூட்டை வைத்த தலைகள், ஒரு பெரியவரின் வழுக்கையில் வழிந்த வியர்வை. ஒரு மனிசி தலையில் கோழிக்கூட்டை வைத்துக்கொண்டு போனாள். கூட்டுக்குள் இருந்த வெள்ளைப் பேடு துஷாந்தினியை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே வந்தது. மற்றதெல்லாம் அவளுக்கு மறந்துபோனது.

பின்னேரம் நீர்வேலியில், வாழைத்தோட்டத்து ஒழுங்கை முகப்பில் அப்பா பதறிக்கொண்டு நின்றார். அவரைக் கண்டதும் துஷாந்தினி புத்தகத்தைக் கட்டிப்பிடித்தபடி ஓடினாள். அப்பா அவளைப் புத்தகத்தோடு தூக்கிவிட்டார். பின்னால் பார்த்தீபன் வெறுங்கையோடு வந்தான். புத்தகம் எங்கே என்று கேட்டதற்குத் தொலைந்துபோய்விட்டது என்றான். அவ்வளவுதான். அப்பா ஏசவில்லை. ஏசியிருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும்.

அன்றிரவு அவர் ஒவ்வொரு புத்தகத்தின் முதற் பக்கத்திலும் நீல மையால் ஒரு வரி எழுதினார். பதினாறு புத்தகங்களில் 'சுமந்தவர்: நமசிவாயம்.' இரண்டில் 'சுமந்தவர்: பூரணம்.' இருபதாவதில் 'சுமந்தவர்: துஷாந்தினி, வயது ஏழு. காங்கேசன்துறை முதல் நீர்வேலி வரை.' வயது எழுதியது அவளுக்கு மட்டும்தான். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அப்பா அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். வேப்பம்பலகை அதற்கு அடுத்த மாதம் வந்தது.

அந்தப் பலகையோடு இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் பார்த்தீபன் வெளிநாட்டுக்குப் போனான். தொண்ணூற்றைந்தில் மறுபடி ஊர் எழும்பியபோது அப்பா வாழைத்தோட்டத்தில் குழி வெட்டி, புத்தகங்களையும் பலகையையும் பீப்பாவில் போட்டுத் தாட்டார். ஆறு மாதம் கழித்துத் தோண்டி எடுத்தபோது மூன்று புத்தகங்களில் கறையான் ஓரம் தின்றிருந்தது, பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவின் கண்பார்வை குறைந்த பிறகு நோர்வேக்குப் போகிற கடிதங்களைத் துஷாந்தினிதான் எழுதினாள். சுகம் விசாரித்து, காலநிலை சொல்லி, கடைசியில் அப்பா எப்போதும் ஒரே வரியைச் சொல்லுவார். ஒன்பதாம் இடம் அப்படியே இருக்கிறது. அதை எழுதிவிட்டு அவள் தன் பங்குக்கும் ஒன்று சேர்ப்பாள். ஏழு வயசுப் பிள்ளை கொண்டுவந்து சேர்த்ததைப் பதினாலு வயசு ஆம்பிளையால் முடியவில்லையோ. பகிடிக்குத்தான் எழுதினாள். முழுக்கப் பகிடியும் இல்லை. அப்பா செத்தபோது அண்ணையால் வரமுடியவில்லை, அம்மா செத்தபோதும் முடியவில்லை.

இந்த வருஷம் புரட்டாதி முற்பகுதியில் ஒருநாள் அவன் போன் எடுத்தான். "நவராத்திரிக்கு வாறன்," என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஒன்பதாம் புத்தகம் கிடைச்சிட்டுது, பிள்ளை. கொண்டு வாறன்," என்றான்.

துஷாந்தினி அன்றைக்கு முருங்கைக்காய்க் கறியைக் கரியாக்கினாள். கஜானன் என்னவென்று கேட்க, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கிணற்றடியில் போய் நின்று அழுதாள். எங்கே கிடைத்தது, எப்படிக் கிடைத்தது என்று கேட்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. பொட்டு அழிந்திருக்குமோ, சாந்துதானே, அச்சடித்த தாளில் எத்தனை வருஷம் நிற்கும் என்றெல்லாம் யோசித்தாள். மங்கலாக இருந்தாலும் காணும், ஒரு தடம் இருந்தாலே போதும் என்று தன்னைத் தேற்றினாள். அலுமாரியைத் துடைத்தாள். மறுநாள் பொறுக்காமல் இன்னொரு தரம் துடைத்தாள்.

நவராத்திரியின் ஏழாம் நாள் பார்த்தீபன் வந்து இறங்கினான். தலை நரைத்து, வயிறு வைத்து, அப்பாவின் நடையோடு. வீட்டைச் சுற்றிப் பார்த்தான், கிணற்றை எட்டிப் பார்த்தான், அலுமாரிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டான்.

"உதை இன்னும் வைச்சிருக்கிறியோ?" என்றான், பலகையைப் பார்த்து.

"அப்பா வைச்சது. நான் எப்பிடி எடுக்கிறது?" என்றாள். "இண்டைக்கு எடுக்கலாம். எங்கை, கொண்டாங்கோ."

அவன் பெட்டியைத் திறந்து, கம்பளிச் சட்டையில் சுற்றியிருந்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தான். அதே கடுஞ்சிவப்பு, அதே பொன்னிற ஒன்பது. துஷாந்தினி ஓடிப்போய்க் கை கழுவி, துடைத்து, ஈரமில்லை என்று யாருக்கோ காட்டுவதுபோல ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பக்கத்தைத் தேடவேண்டியிருக்கவில்லை, கண்ணாடித் தாள்கள் உள்ள இடத்தில் புத்தகம் தானாகவே திறந்தது.

மனிதன் நின்றான். நெற்றி வெறுமையாக இருந்தது.

வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு முதற் பக்கத்துக்குப் போனாள். அங்கே ஏதோ ஒரு வெளிநாட்டு நூலகத்தின் வட்ட முத்திரை, அதற்கு மேல் குறுக்கே இன்னொரு முத்திரை. பாஷை தெரியாவிட்டாலும் அது கழித்துவிட்ட புத்தகம் என்று அலுவலகத்தில் வேலை செய்கிறவளுக்கு விளங்கியது.

"இது எங்கடை இல்லை."

"ஓம்," என்றான் பார்த்தீபன். "அதே பதிப்பு. எத்தனை வருஷமாத் தேடினனான் தெரியுமோ?"

"கிடைச்சிட்டுது எண்டு சொன்னீங்கள்."

"கிடைச்சதுதானே."

அவளுக்கு வந்த கோபத்தில் சொல் நிற்காமல் வந்தது. இரண்டு கிழமையாகத் தான் பட்ட பாட்டைச் சொன்னாள். அப்பா கடைசி வருஷத்தில் கண் தெரியாமல் அலுமாரிக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாகத் தடவி, எட்டு முடிந்ததும் பலகையில் விரல் பட்டவுடன் கையை எடுத்துவிடுவார், அதைச் சொன்னாள். "எனக்கு ஏழு வயசு, அண்ணை. ஒன்பது கட்டை நடந்து கொண்டந்து சேர்த்தனான். உங்களுக்கு ஒரு புத்தகம் பாரமாப் போச்சுது," என்று முடித்தாள்.

கஜானன் மெல்ல எழும்பி வெளியில் போனான். பார்த்தீபன் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளை இன்னும் எரிச்சலூட்டியது.

"ஓம், பிள்ளை. நீ கொண்டந்து சேர்த்தனீதான்," என்றான். துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

பலகை பலகையின் இடத்திலேயே இருந்தது. வந்த புத்தகம் மேசையில் கிடந்தது.

மறுநாள் காலையில் அவன் நீர்வேலிக்குப் போகவேண்டும் என்றான். மாமா வீட்டையும் வாழைத்தோட்டத்தையும் பார்க்கவேண்டுமாம். கஜானன் வேலைக்குப் போய்விட்டான். அவள் லீவில் நின்றாள். ஸ்கூட்டியை எடுத்தாள், அவன் பின்னால் ஏறினான். பழைய வழியாலேயே போ என்று மட்டும் கேட்டுக்கொண்டான். முதல் மழை இரண்டு நாளைக்கு முன் பெய்திருந்தது, றோட்டோரத்தில் புல் முளைவிட்டிருந்தது.

தெல்லிப்பழை தாண்டி மல்லாகம் வருவதற்கு முன்னால் தோளில் தட்டினான். "இதிலை நிப்பாட்டு."

ஒரு ஒழுங்கை முகப்பில் சின்ன வைரவர் கோயில். இப்போது மாபிள் போட்டு, கிறில் கேற் வைத்து, பெயர்ப்பலகையில் வெளிநாட்டு உபயகாரர்களின் பட்டியல் தொங்கியது. அன்றைக்கு வெறும் ஆலமரமும் சூலமும் ஒரு சீமெந்துப் பீடமும்தான் என்று பார்த்தீபன் சொன்னான். செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தின் பின்பக்கம் போய் நின்றான்.

"இஞ்சைதான் வைச்சன்," என்றான். "பீடத்துக்குப் பின்னாலை. மழை வந்தாலும் நனையாது எண்டு சருகாலை மூடி வைச்சன்."

அவள் ஸ்கூட்டியிலிருந்து இறங்கவில்லை. "அப்ப தொலைக்கேல்லை. வைச்சிட்டு வந்தனீங்கள்."

"ஓம்."

"ஏன்?"

"பாரமாக் கிடந்தது."

இதற்கு மேல் கேட்க அவளுக்கு விருப்பமில்லை. மூன்று கட்டைதான் நடந்திருக்கிறான், அதற்குள் பாரமாம். சண்டையை இன்னொரு தரம் தொடங்க மனம் வராமல், எதையாவது கதைக்க வேண்டுமே என்று றோட்டைப் பார்த்தபடி கேட்டாள். "அண்டைக்குக் கோழிக்கூட்டோடை ஒரு மனிசி போனவ. உங்களுக்கு ஞாபகமோ?"

பார்த்தீபனின் முகம் மலர்ந்துவிட்டது. "பின்னை? வெள்ளைப் பேடு. உனக்கு அதைத் தொடவேணும். எட்டி எட்டி என்ரை கழுத்தை முறிச்சுப்போட்டாய்," என்று சொல்லிச் சிரித்தவன், சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

துஷாந்தினி அவனுடைய கழுத்தைப் பார்த்தாள். தலையில் வைத்த கூட்டுக்குள் இருந்த கோழி. அது அவளை நேருக்கு நேர் பார்த்தது. ஏழு வயசுப் பிள்ளை றோட்டில் நடந்திருந்தால் கண்டிருக்க வேண்டியது கால்களையும் சாறங்களையும் சைக்கிள் சில்லுகளையும். அவள் கண்டது தலைகளை. முப்பத்திநாலு வருஷமாக அந்தத் தலைகளை நினைத்துக்கொண்டே இருந்தவள், அவற்றை எங்கேயிருந்து பார்த்தேன் என்று ஒருநாளும் தன்னைக் கேட்டதில்லை.

"அண்ணை," என்றாள். "நான் அண்டைக்கு நடந்தனானோ?"

"நடந்தனீதானே."

"உண்மையைச் சொல்லுங்கோ."

அவன் ஆலம்பழம் ஒன்றைக் காலால் தள்ளினான். "தெல்லிப்பழை வரைக்கும் நடந்தனீ."

பிறகு அவள் கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். செருப்பு வார் அறுந்துபோனது. குதிக்கால் கொப்பளித்துவிட்டது. இந்தக் கோயிலடியில் இருந்தவள் எழும்பமாட்டேன் என்றுவிட்டாள். பின்னால் ஷெல் சத்தம் கிட்ட வந்துகொண்டிருந்தது. "உன்ரை புத்தகத்தை விடு எண்டு சொல்லிப் பாத்தன். நீ அழுது குழறினாய். அப்பா தந்தது எண்டு நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு குழறினாய். உன்னையும் தூக்கி, ரெண்டு புத்தகத்தையும் என்னாலை தூக்கேலாமல் போச்சுது. அதாலை என்ரையை வைச்சன்."

"நீர்வேலி வரைக்கும் தூக்கிக்கொண்டோ வந்தனீங்கள்?"

"தோளிலைதான். உன்ரை புத்தகம் என்ரை தலையிலை. ஒழுங்கை முகப்பிலை அப்பாவைக் கண்டவுடனை இறக்கு இறக்கு எண்டு துள்ளினாய். இறக்கிவிட்டன். நீ ஓடினாய்."

ஆறு கட்டை. துஷாந்தினி அந்தத் தூரத்தை மனதுக்குள் அளந்துபார்த்தாள். ஒரு பஸ் போனது, அதன் பின்னால் இன்னொரு பஸ் போனது.

"மூண்டாம் நாள் அப்பான்ரை சைக்கிளிலை வந்து பாத்தனான்," என்றான் அவன். "இல்லை. ஆரோ எடுத்திட்டினம்."

அந்த நாளும் அவளுக்கு நினைவிருந்தது. ஷெல் விழுகிற நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர்சுற்றப் போனான் என்று அப்பா பூவரசங்கம்பு முறிய முறிய அடித்தார். அப்பா அவனை அடித்தது அந்த ஒரு தரம்தான். மாமா வீட்டுப் படிக்கட்டில் இருந்து, தன் இருபதாம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அப்பாட்டைச் சொல்லேல்லை?"

"அவர் எழுதிப்போட்டார். துஷாந்தினி, வயது ஏழு எண்டு. நீ அதைத் திறந்து திறந்து பாத்துக்கொண்டு திரிஞ்சாய். எல்லாம் போன நேரத்திலை அந்த மனிசன் சிரிச்சது அதைக் காட்டேக்கை மட்டும்தான்." பார்த்தீபன் செருப்பை மாட்டிக்கொண்டான். "வளந்தாப் பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன். பிறகு வெளிநாட்டுக்குப் போயிட்டன். கடிதத்திலை எழுதுற விஷயமே உது?"

கடிதங்கள். ஒன்பதாம் இடம் அப்படியே இருக்கிறது என்று அவள் கையால் எழுதிய கடிதங்கள், அதற்குக் கீழே அவள் சேர்த்த பகிடிகள். அவற்றையெல்லாம் அவன் அந்தக் குளிருக்குள் இருந்து வாசித்திருக்கிறான். வாசித்துவிட்டு ஒவ்வொரு தரமும் பதில் போட்டிருக்கிறான், தங்கைக்கு முத்தம் என்று. அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. அப்பா இது தெரியாமலே செத்துப்போனார். அப்பாவை ஒரேயொரு நிமிஷம், இந்த ஆலமரத்தடிக்கு மட்டும், திரும்பக் கூப்பிட முடிந்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது.

அவள் றோட்டுக் கரையில் நின்று அழுதாள். வைரவரைக் கும்பிட வந்த ஒருவர் என்ன தங்கச்சி என்று கேட்டார். "ஒண்டுமில்லை ஐயா, செருப்பு வார் அறுந்துபோச்சு," என்றான் பார்த்தீபன். அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவனை ஏற்றிக்கொண்டு மிச்சம் ஆறு கட்டையையும் மெதுவாக ஓட்டினாள்.

சரஸ்வதி பூசையன்று துஷாந்தினி பலகையை வெளியில் எடுத்தாள். ஆடிக்கொண்டிருந்த அரிசிப் பெட்டியின் காலுக்கு முட்டுக் கொடுக்க அது அளவாக இருந்தது. மேசையில் கிடந்த புத்தகத்தை எடுத்துத் திறந்து, தன் நெற்றிச் சாந்தைத் தொட்டு அந்த வெளிநாட்டு மனிதனின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். நூலக முத்திரைக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. கையால் ஒருமுறை தடவிவிட்டு எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் செருகினாள். கொஞ்சம் இறுக்கமாகத்தான் போனது.

விஜயதசமி காலையில் அப்பா காலத்து வழக்கம் ஒன்று உண்டு. பூசையில் இருந்த புத்தகங்களில் ஒன்றை ஒருவர் எடுத்துத் திறந்து மற்றவரிடம் கொடுக்க வேண்டும். வாங்கியவர் முதலில் கண்ணில் படுவதை உரத்து வாசிக்க வேண்டும், அந்த வருஷத்துப் படிப்பு அதிலிருந்து தொடங்கும். அப்பாவுக்குப் பிறகு துஷாந்தினி தானே திறந்து தானே வாசித்துக்கொண்டு வந்தாள். இம்முறை விடிய எழும்பி, முழுகி, அண்ணை எழும்புமுன் அலுமாரியைத் திறந்து இருபதாவதை எடுத்துக்கொண்டுபோய் மேசையில் வைத்தாள். நீல மைப் பேனை ஒன்றைத் தேடிப் பிடித்தாள். அப்பாவின் எழுத்துக்கு அவளுடைய எழுத்து கிட்டவும் வராது. ஆனாலும் வரி கோணாமல் எழுதினாள், ஊதிக் காயவைத்தாள்.

பார்த்தீபன் வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்தான். அவள் புத்தகத்தின் முதற் பக்கத்தைத் திறந்து அவனிடம் நீட்டினாள்.

"இருபதோ? உதிலை ஒரு படமும் இல்லையே," என்றான்.

"வாசியுங்கோ."

அவன் மூக்குக்கண்ணாடியைப் போட்டான். "சுமந்தவர்: துஷாந்தினி, வயது ஏழு. காங்கேசன்துறை முதல் நீர்வேலி வரை," என்று அப்பாவைப்போலவே நிறுத்தி நிறுத்தி வாசித்தான். அதோடு முடிந்தது என்று நிமிர்ந்தவன் கீழே இன்னொரு வரியைக் கண்டான். வாயைத் திறந்தான், மூடினான், முகட்டைப் பார்த்தான்.

"உரத்து," என்றாள் துஷாந்தினி.

"அவளைச் சுமந்தவர்: பார்த்தீபன், வயது பதினாலு."